தங்கச்சியின் கத்தரிப்பூ இமை

ரப்பர் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் பிறந்து, இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிடும் வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, ஒளிக்காமல் சொல்லுங்கள். சிரட்டைப் பாலில் விரல் விடாதவர் நம்மில் யாராவது உண்டா? மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். கணக்கப்பிள்ளை அடுத்த மலைக்குப் போயிருப்பார். விரலை முக்கிப் புறங்கையில் தடவி, ஊதி ஊதிக் காய வைப்போம். வெள்ளையாக இருந்தது கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஓரத்தைக் கிள்ளி மெல்ல உரித்தால், நம் தோலின் கோடுகள் எல்லாம் பதிந்த இன்னொரு தோல் கையோடு வரும். யாருடைய தோல் கிழியாமல் வந்தது என்று போட்டி வைப்போம். எனக்குத்தான் பெரும்பாலும் வெற்றி.

அகப்பட்டால் நம் சொந்தத் தோலும் உரிந்துவிடும் என்பது வேறு விஷயம். தோட்டத்துப் பால் தோட்டத்துக்கே சொந்தம். பிள்ளைகள் கைவைத்தது தெரிந்தால் அந்த மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு அன்றைக்குப் பேர் விழாது; ஒரு நாள் உழைப்பு போச்சு. எங்கள் அப்பா பால் வெட்டுகிறவர். அவருக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இடுப்பு வாரைக் கழற்றினார் என்றால் அம்மா குறுக்கே விழுந்தாலும் நிற்காது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த வாருக்குப் பயந்ததுதான் வேர்.

எனக்குப் பதினொன்று, தங்கச்சிக்கு எட்டு. தம்பி அப்போது, வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஏணையில் கிடந்தான். இலை உதிரத் தொடங்கியிருந்த காலம். ரப்பர் இலை உதிர்வது தெரியுமே உங்களுக்கு. ஒரு வாரத்தில் மலை முழுக்கச் செம்பு நிறமாகி, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். தங்கச்சி அந்தச் சத்தத்துக்காகவே ஓடுவாள். நடக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா சொல்வாள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் ஓட்டம், பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டம், திட்டு வாங்கினாலும் ஓட்டம்.

ஒரு சனிக்கிழமை அவளைக் கல்யாணப் பெண்ணாக்கினேன். எட்டாம் நம்பர் மலையில் எங்கள் அப்பா பால் வெட்டுகிற மரங்கள். அம்மாவின் பழைய சேலைத் துண்டை முக்காடாகப் போட்டேன். மோதிரம் வேண்டும் என்றாள். ஒவ்வொரு விரல் மொழியிலும் ஒரு சொட்டுப் பால் வைத்தேன், பத்து விரலுக்கும் பத்து மோதிரம். பிறகுதான் அந்தக் கெட்ட யோசனை எனக்கு வந்தது. கண்ணை மூடு, இமைக்கு மினுக்கம் போடுகிறேன் என்றேன். மறுபேச்சில்லாமல் மூடினாள். நான் எது சொன்னாலும் கேட்கிற பிள்ளை அவள்.

காய்ந்ததும் கண் திறக்கவில்லை. உரித்தேன். இமைமுடியும் சேர்ந்து வந்தது. அவள் கத்தவில்லை, கத்தினால் கணக்கப்பிள்ளை வருவார் என்று அவளுக்கும் தெரியும். என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கையில் இருந்ததைப் பார்த்தேன். இரண்டு சின்ன இமைகள், மடிப்பெல்லாம் பதிந்து, விளிம்பில் முடி நட்டு வைத்த மாதிரி. அழகாக இருந்தன. எறிய மனம் வரவில்லை. வெறும் தீப்பெட்டி ஒன்றில் வைத்து, எங்கள் வீட்டுக் காம்பராவில் சுவரும் தகரக் கூரையும் சேர்கிற இடுக்கில் சொருகினேன்.

மூன்று வாரம் இருக்கும். காலையில் பார்த்தால் தங்கச்சியின் இரண்டு இமையும் கத்தரிப்பூ நிறமாக இருந்தன. அழுது வீங்கிய சிவப்பு இல்லை. அசல் கத்தரிப்பூ. அடுத்த வாரம் விரல் மொழிகள் சிவந்து, செதில் செதிலாக உரியத் தொடங்கின. நான் மோதிரம் வைத்த அதே பத்து இடம். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

தீப்பெட்டியை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று அன்றைக்கே இடுக்கில் கையை விட்டேன். பெட்டி இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மருந்தையா கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த முறை போனபோது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். நமக்கெல்லாம் எந்த நோய் வருத்தம் வந்தாலும் கடைசியில் அந்த மனிதருக்குப் பூச்சியில்தான் போய் முடியும். அவரையும் குறை சொல்லி என்ன பயன்? இந்த நோயை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

ஓடிய பிள்ளை நடக்க ஆரம்பித்தாள். நடந்த பிள்ளை உட்கார ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்றாள். பேர் கூப்பிடும்போது கையைத் தூக்கவில்லை என்று வாத்தியார் வெளியே நிற்க வைத்தார். தூக்க முடியவில்லை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தலை சீவக் கை மேலே போகாது, நான்தான் சீவிவிட்டேன். ஒரு நாள் பீலியடியில் குந்தியவள் எழும்ப முடியாமல், முதலில் தரையிலும் பிறகு முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி எழும்பினாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், கிழவியாட்டம் நடிக்கிறாள் பார் என்று சிரித்தார்கள். அப்பா சோம்பேறி என்றார். வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்கு என்பார்கள், பிள்ளைக்கே என்ன சாக்கு என்று கேட்டு ஒரு தடவை அடித்தும் விட்டார். பின்னாளில் அந்த அடிதான் அவருக்குச் சாகும்வரை வலித்தது.

அம்மா, குளிர் உடம்பில் இறங்கிவிட்டது என்று முடிவு செய்தாள். தினமும் கொளுத்தும் வெயிலில் சாக்கை விரித்து, நல்லெண்ணெய் தேய்த்து, தங்கச்சியைக் கிடத்துவாள். முகம் இன்னும் சிவக்கும். வெயில் சூட்டை இழுக்கிறது, இனி இறங்கிவிடும் என்று அம்மா சந்தோஷப்படுவாள். அந்த நோய்க்கு வெயில் ஆகவே ஆகாது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவின் உள்ளங்கை எண்ணெயும் வெயிலும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. எவ்வளவு ஆசையாகத் தேய்த்தாள்!

நான் அவளை முதுகில் சுமந்தேன். பீலிக்கும், கொல்லைக்கும், பள்ளிக்கூடத்துக்கும். பாதி வழியில் ஒரு பாறை உண்டு, அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவேன். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

"நா பால் பூசினத அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

அவள் யோசித்தாள். அப்போதே அவள் குரல் மூக்கால் வரத் தொடங்கியிருந்தது.

"சொல்ல மாட்டேன்க்கா. நீ என்ன தூக்கிக்கிட்டே போகணும், அம்புட்டுதான்."

அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். நானும் காப்பாற்றினேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. அன்றைக்குத்தான் அப்பா பயந்தார். தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பியை அடுத்த காம்பராவில் விட்டுவிட்டு என்னையும் கூட்டிப்போனார்கள், அவளைத் தூக்க ஆள் வேண்டுமே. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். தங்கச்சியின் இமையையும் விரல்களையும் பார்த்தவுடன் முகம் மாறியது. தசையில் வருகிற வீக்க நோய், அபூர்வமானது என்று சிங்களத்தில் விளக்கினார். பிறகு கேட்டார்: கண்ணில், கையில் ஏதாவது பூசினீர்களா? ஏதாவது பட்டதா?

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"நே, மாத்தயா. ஒண்ணுமே இல்ல," என்றாள் அம்மா. பாதி சிங்களம், பாதி தமிழ். சொன்ன வேகம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தேன் என்று நினைத்தேன். கடவுளே, பதினொரு வயதில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தக் கூடாது, மாதம் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். மந்திரம் போட்ட மாதிரி கேட்டது. தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. கை கொஞ்சம் மேலே போனது. அதோடு, தங்கச்சியின் கன்னம் பொம்மென்று உப்பியது. அந்த வருஷங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரொட்டிக்கு மாவு கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எலும்பும் தோலுமாகத் திரிந்த காலம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை குண்டுக் கன்னத்தோடு உட்கார்ந்திருந்தாள். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலடி வரை போய் வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"புள்ள ஒடம்பு தேறிருச்சு. இனி எதுக்கு அந்தக் கசப்ப குடுக்குற?" என்றார் அம்மாவிடம்.

நிறுத்திவிட்டார்கள். பசித்த ஊரில் கன்னம் உப்பினால் அது சுகம்தானே. மாத்திரை ஊதவைத்த கன்னம் அது என்று எங்களுக்கு யார் சொல்லுவார்கள்? ஒருவேளை அந்த டாக்டர் சொல்லியும் இருக்கலாம். நாங்கள் கேட்கிற நிலையில் இல்லை.

கன்னம் வற்றியது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முழங்கையில் கல் மாதிரி ஒரு கட்டி எழும்பி, ஒரு நாள் உடைந்து, வெள்ளையாக வழிந்தது. சீழ் இல்லை. சுண்ணாம்புக் கட்டியும் தண்ணீரும் கலந்த மாதிரி. அம்மா துணியால் துடைத்தாள். துணியை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூலைக்குள் ஒதுங்கினேன். பால் ஸ்டோரில் அசிட் ஊற்றியதும் ரப்பர் பால் உறைவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இமை வழியாக உள்ளே போன பால் அவள் உடம்பெல்லாம் ஓடி, உறைந்து, இப்போது வெளியே வருகிறது. எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

மறுபடியும் இலை உதிர்ந்தபோது தங்கச்சி இல்லை. சளி நெஞ்சில் இறங்கியது. இருமித் துப்புவதற்கும் தசை வேண்டுமாம். இரண்டாவது தடவை லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளைத் தூக்கிப்போகும்போது சுமந்தவர்களின் காலடியில் இலைகள் நொறுங்கின. எனக்கு முதுகு வெறுமையாக இருந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தம்பியை என்னிடம் தனியாக விட்டதே இல்லை. வேலைக்குப் போனால் பிள்ளைக்காம்பராவில், வேலை இல்லாத நாளில் இடுப்பில். நான் தூக்கப்போனால், நீ படி என்பாள். நோய் ஒட்டியிருக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். படித்தேன். டீச்சர் ஆனேன். கல்யாணம் நடந்தது. என் மகனுக்கு ஒரு நாளும் நான் கண்மை வைத்ததில்லை. அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் தெஹியோவிட்டவில் இருந்தாள், கடைசி வரை. தங்கச்சியைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்ததில்லை.

இனி இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடை. அவருடைய மகள் வழிப் பேத்தி, ஏழு வயது, என்னிடம் பாடம் படிக்க வருவாள். ஒரு நாள் புத்தகத்தில் இருந்து முகத்தை நிமிர்த்தினாள். இரண்டு இமையும் கத்தரிப்பூ.

என் கையில் இருந்த சோக்கட்டி விழுந்தது. உடனே அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. தரையில் உட்கார்ந்து எழும்பு மகள் என்றேன். முழங்காலில் கையை ஊன்றி எழும்பினாள். அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் ஓடினேன். டீச்சருக்கு என்ன பிடித்துவிட்டது என்று கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்த வாரமே அவிசாவளை பஸ் பிடித்து, கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாஷைக்குத் துணை என்று சொல்லி நானும் கூடப் போனேன். அந்த உம்மாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும்.

சின்ன வயது டாக்டரம்மா. எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார், அதே கேள்வி. கண்ணில் ஏதாவது பூசினீர்களா?

"இல்ல டொக்டர், ஒண்டும் பூசல்ல," என்றாள் உம்மா. நிதானமாக, யோசித்துச் சொன்னாள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் அப்படித்தான் சொல்வாள் போலிருக்கிறது.

இரத்தம் எடுத்து எங்கோ அனுப்பினார்கள். முடிவு வரப் பல வாரம் ஆனது. வந்தபோது டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். வெளியே இருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டிய இரத்தத்துப் பொருள்கள், ஆள் தெரியாமல் நம் சொந்த உடம்பையே அடிக்கின்றனவாம். வேலியே பயிரை மேய்கிற கதை. அதில் பல வகை இருக்கிறது. ஒரு வகை இருந்தால் தோலோடு மல்லுக்கட்டும். ஒரு வகை நுரையீரலுக்குப் போகும். இன்னொரு வகை தசையை மோசமாக வாட்டி, பின்னால் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகளையும் கொண்டுவரக் கூடும். எந்த வகை என்று முதலிலேயே தெரிந்தால் எவ்வளவு கடுமையாக மருத்துவம் செய்ய வேண்டும் என்று ஓரளவு கணிக்கலாம். இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது அந்தக் கட்டி வைக்கிற வகை. ஆகவே காத்திருக்காமல் பலமான மருந்தே தொடங்குகிறோம் என்றார்.

சுண்ணாம்புக் கட்டி என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். உம்மாவும் பிள்ளையும் இரத்தம் கொடுக்கப் போனபோது நான் மட்டும் திரும்பி உள்ளே போனேன். அறுபதைத் தாண்டிய டீச்சர், வாத்தியாரிடம் பிடிபட்ட பிள்ளை மாதிரி கதவடியில் நின்றேன். ரப்பர் பால் இமையில் பட்டால் இந்த நோய் வருமா என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வராது என்றார். தோல் எரியும், புண்ணாகும், ஆனால் இந்த நோய் அதனால் வராது. ஏன் தொடங்குகிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் ஒன்றைப் பூசி இன்னொருவருக்கு வரவைக்கக் கூடியது இல்லை. இமையும் விரல் மொழியும் அது தானாகவே தேடி வருகிற இடங்கள். அப்படியானால் ஐம்பது வருஷத்துக்கு முந்திய டாக்டருக்கு யாராவது பாலைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்றேன். ஒன்றும் மாறியிருக்காது அம்மா, அதே மாத்திரைதான் கொடுத்திருப்பார் என்றார். பிறகு, யாருக்கு வந்தது என்று கேட்டார். சொன்னேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள், மாஷா அல்லாஹ், பிள்ளை நல்லாத் தேறிவிட்டாள் என்கிறார்கள். நான் எதிர்வீட்டில் இருந்து இறங்கிப் போய் அவர்களோடு சண்டை பிடிக்கிறேன். தேறவில்லை, அது மாத்திரை, நிறுத்தக் கூடாது என்று எல்லார் காதிலும் ஓதுகிறேன். டீச்சருக்கு வயசுபோய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். போன வாரம் அவள் இரண்டு கையையும் தூக்கித் தானே முக்காடு போட்டுக்கொண்டாள்.

இதோடு நிறுத்தினால் நீங்கள் எனக்காகச் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

அம்மா போய் மூன்று வருஷம். கடைசி நாட்களில் நினைவு வந்து வந்து போகும். ஒரு பகலில் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஒன்ன காப்பாத்ததான் இல்லன்னு சொன்னேன்," என்றாள். "அவள விட்டுட்டேன்."

பிதற்றுகிறாள் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பழைய துணியில் முடிந்து, ஒரு தீப்பெட்டி. உள்ளே பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு சின்ன இமைகள். முடி அப்படியே இருந்தது.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த டாக்டர் கேட்டபோதும் தெரிந்திருந்தது. சொன்னால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார், சொல்லாவிட்டால் தங்கச்சிக்குச் சரியான மருந்து கிடைக்காது என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டு, இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தேர்ந்துவிட்டதாக நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையோடு அத்தனை வருஷமும் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் என் கையால் சோறும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். தம்பியை என்னிடம் விடாதது ஏன் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்காக எனக்குக் கோபம் இல்லை. எந்தத் தாய் விடுவாள்?

கொழும்பில் இருந்து திரும்பி வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தேன். மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ இல்லன்னு சொன்னதால ஒண்ணும் ஆகல. நீ யாரையும் விடல," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு இன்னொரு தடவையும் சொன்னேன்.

மாவு இரவல் வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்று, யாரோடு பேசுறீங்க டீச்சர் என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று நானும் பொய் சொன்னேன்.